முழங்காலோடு பதினொரு திங்கள்

இப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று சென்ற நம்மிடம், ஆண்டு மலருக்கென ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியப் பெருமக்கள் கேட்டனர். கல்வியின் சிறப்பைக் குறித்து எழுதத் தக்கார் பலர் உளர். நாமோ நம் இடது முழங்காலைப் பற்றி எழுதத் துணிந்தோம். ஓடியாடும் பிள்ளைகளுக்கும், நாள் முழுதும் காலூன்றி உழைக்கும் பெற்றோர்க்கும் அது ஓரளவேனும் பயன்படக் கூடும்.

ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகையை மாணவர் அறிவர். நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய அப்பலகைமீது நின்று உருண்டோடலாம். அதனோடு துள்ளிப் படிகளையும் தாண்டலாம். வேலையற்ற பிள்ளைகளின் வீண் விளையாட்டு என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. மொமிஜி நிஷியா என்னும் 13 வயது ஜப்பானியச் சிறுமி தங்கம் வென்றாள். இதனை அப்பெரியோர்க்குச் சொல்லி வைக்கின்றோம்.

விடுமுறை நாள்களில் நாம் புத்ராஜெயா சென்று விளையாடுவது வழக்கம். ஒரு மாலை, மூன்று படிகளைத் தாண்டி இறங்குகையில் பலகை நழுவிற்று. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பிற்று. முழங்காலினுள் சுள்ளி முறிவது போன்ற ஓர் ஓசை. இரண்டு மணி நேரத்திற்குள் முட்டி இளநீர்க் காய்போல் வீங்கிவிட்டது. உருவிவிடுபவரிடம் போகலாமென்றார் அண்டை வீட்டுப் பெரியவர். நம் தாயார் இணங்கவில்லை. நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஓசை கேட்டு உடனே வீங்கிய முட்டியை உருவுதல் ஆகாது. எண்ணெய் தேய்த்து நீவுவது வேலை அலுப்புக்கு இதம் தரலாம். உள்ளே குருதி தேங்கிய மூட்டுக்கு அது மருந்தன்று.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு நன்றாகவே இருந்தது. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படமே உண்மையைக் காட்டிற்று. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இரு நார்கள், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. அவற்றுள் முன்னது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுப்பது. நமக்கு அது முற்றாக அறுந்திருந்தது. தோல் கிழிந்தால் தானே மூடிக்கொள்ளும். இந்நார் முற்றும் அறுந்தால் பெரும்பாலும் தானே கூடுவதில்லை. ஆகவே தொடையின் பின்புறத் தசைநாரில் ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன்வழி கோத்துப் பொருத்தினர்.

அதன்பின் தொடங்கிற்று நெடும் பணி. முதல் வாரங்களில் நம் பயிற்சி யாது தெரியுமா? சுருட்டிய துவாலையை முட்டிக்கடியில் வைத்துத் தொடையை இறுக்கிக் கீழே அழுத்துதல்! படி தாண்டியவர்க்கு இது பெரும் வெட்கமாகத் தோன்றிற்று. ஆயினும் தாயார் தம் தையல் நாடாவால் அளந்து பார்க்கையில், இடத்தொடை வலத்தொடையினும் நான்கு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. பயன்படுத்தாத தசை அத்துணை விரைவில் கரைந்துவிடுகின்றது.

மெய்யான சோதனை மூன்றாம் மாதத்தில் வந்தது. வலியில்லை, வீக்கமில்லை, நொண்டலுமில்லை. கதவோரம் சாய்ந்திருந்த பலகையோ ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டது. அவ்வேளையில்தான் சிகிச்சையாளர், பொருத்திய நார் தன் வலிமையில் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் இதுவென்றார். இடம் மாறிய நார் தன் பழைய குருதியோட்டத்தை இழந்து, புதிய இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் பெற்று மெல்லத் தேறி வரவேண்டுமாம். வலி நின்றதைக் கொண்டு அதனை அளக்க இயலாது.

இதனை இல்லத்தில் விளக்கியபோது வியப்படையாதவர் பாட்டி ஒருவரே. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர்.

“பட்டை மூடிட்டா மரம் ஆறிடுச்சுன்னு அர்த்தமில்ல தம்பி. புதுப்பட்டை தடிக்கப் பல வருசமாகும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கத்தியே வைக்க மாட்டோம். அவசரப்பட்டு ஆழமா வெட்டினா மரம் முண்டும் முடிச்சுமா போயிடும், அப்புறம் பால் வராது” என்றார்.

மருத்துவர் படம் வரைந்து காட்டியதைவிட இது நமக்கு நன்கு விளங்கிற்று.

தாயாரோ பலகையை அடுப்பில் வைப்பதாகவே கூறிவந்தார். அவர் அச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் நிறையுமுன் விளையாடச் செல்வோரிடையே மீண்டும் காயமுறுவோர் மிகுதி என்பதை அவரும் கேட்டிருந்தார். ஆகவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். ஒற்றைக் காலில் தாவும் சோதனையில், இடக்கால் வலக்காலின் தாவலில் நூற்றுக்குத் தொண்ணூறேனும் எட்டும் வரை பலகை அவர் பீரோவின்மேல் இருக்கும். எட்டாம் மாதம் எண்பது. பத்தாம் மாதம் எண்பத்தேழு. பதினொன்றாம் மாதம் தொண்ணூற்று மூன்று வந்தது. தாயாரே நாற்காலி போட்டு ஏறிப் பலகையை இறக்கித் தந்தார்.

முதல் நாள் நாம் படியருகே செல்லவில்லை. முட்டிக் காப்பும் தலைக்கவசமும் அணிந்து, சமதரையில் இருபது முறை போய் வந்தோம். தாயார் மரநிழலில் அமர்ந்து ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் இருபதுதான்.