கண்ணீர்க் குப்பிக்குள் இருந்தது

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நீ போனில் கேட்காமல் எழுதிக் கேட்டதே நல்லது. போன் என்றால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்திருப்போம்.

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். உன் தோழி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கண்ணாடிக் குப்பியோடு வந்த அட்டையில் எழுதியிருப்பது உண்மைதானா என்பது ஒன்று. அம்மாவின் சாமான்களை எடுத்து எடுத்துப் பார்த்து அழுவது விசுவாசக் குறைவா என்பது இன்னொன்று. இரண்டாவது உன் கேள்வி இல்லை, யாரோ உன் காதில் போட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் குப்பி.

வேதாகமக் காலத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு கண்ணீர்க் குப்பி வைத்திருந்தார்கள், துக்க நேரத்தில் கண்ணீரை அதில் பிடித்துச் செத்தவர்களோடு கல்லறையில் வைத்தார்கள், இயேசுவின் பாதத்தை நனைத்த பாவியான ஸ்திரீ அப்படிச் சேர்த்த கண்ணீரைத்தான் ஊற்றினாள் என்று அட்டையில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். இதைக் கன்வென்ஷன் பந்தலிலும் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் உருகிப் போகிறார்கள். ஆனால் அது நடந்ததற்கு ஆதாரம் இல்லை, மகளே. இத்தனை வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் இதை உனக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

குப்பிகள் உண்மை. ரோம ராஜ்யம் பரவியிருந்த இடமெல்லாம், யூதருடைய கல்லறைகள் உட்பட, அவை கிடைத்திருக்கின்றன. எருசலேம் பயணம் போயிருந்தபோது அங்கே அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரி முன்னால் நெடுநேரம் நின்று பார்த்தேன். விரல் நீளம் இருக்கும். அடியில் பூண்டுப்பல் அளவுக்கு ஒரு புடைப்பு, அதன் மேல் நீண்டு ஒடுங்கிய கழுத்து, வாய் ஓரம் மட்டும் வெளியே மடித்துவிட்டது. மணலில் இருந்த இரும்பினால் கண்ணாடிக்கு இளம்பச்சை நிறம். மண்ணின் ஈரம் நூற்றாண்டுக்கணக்கில் அரித்து மேல்பரப்பு ஏடு ஏடாகப் பிரிந்திருப்பதால், தலையைக் கொஞ்சம் அசைத்தால் ஊதாவும் பொன்னும் பச்சையும் மாறி மாறித் தெரியும். செய்தவன் அந்த அழகைப் பார்த்ததே இல்லை. அது கல்லறை கொடுத்த நிறம்.

கண்ணாடிக்கு முன்னால் கல்லறையில் வைக்க மண்குப்பிதான். கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கரையோரத்தில் குழாய் வைத்துக் கண்ணாடி ஊதும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கண்ணாடி மலிந்தது. ஏழைக் குடும்பமும் செத்தவருக்கு ஒரு குப்பி வைக்க முடிந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது எண்ணெயும் வாசனைத் தைலமும். கழுத்து அவ்வளவு ஒடுங்கியிருப்பதும் அதற்காகத்தான்: விலை கூடிய தைலம் துளித் துளியாக விழ வேண்டும், வாசனை பறந்துபோகக் கூடாது. கல்லறையில் கிடைத்ததால் ஐரோப்பாவில் பழம்பொருள் சேகரித்தவர்கள் இதைக் கண்ணீர்க் குப்பி என்று நினைத்துக்கொண்டார்கள். தாமஸ் பிரவுன் 1658இல் ஈமத்தாழிகளைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. பெயர் நிலைத்துவிட்டது, பிரசங்கம் அதன் பின்னால் வந்தது.

இதைப் படித்து உன் மனசு சுருங்க வேண்டாம். உள்ளே தைலம் இருந்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தக் குப்பி பெரிதாகிவிட்டது. லூக்கா ஏழாம் அதிகாரத்தை நிதானமாக ஒருதரம் வாசித்துப் பார். அந்த ஸ்திரீ கையில் கொண்டுவந்தது ஒரு வெள்ளைக்கல் பரணி நிறையப் பரிமளதைலம். கண்ணீரை அவள் சேர்த்து வைத்துக் கொண்டுவரவில்லை, அது அங்கேயே, அந்த நிமிஷமே வந்தது. துடைக்கக்கூட அவள் ஒன்றும் கொண்டுவந்திருக்கவில்லை, தலைமயிரால் துடைத்தாள். முன்னேற்பாடாக வந்தது அன்பு, கேட்காமல் வந்தது அழுகை. அட்டைக்காரர்கள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள்.

நம் ஆண்டவருடைய கல்லறைக்கு வருவோம். நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து நூறு இராத்தல் கொண்டுவந்தான் என்று யோவான் எழுதுகிறார். ராஜாவை அடக்கம் பண்ணுகிற அளவு அது. ஓய்வுநாள் முடிந்ததும் மகதலேனா மரியாளும் சலோமேயும் மற்றப் பெண்களும் சுகந்தவர்க்கங்களை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் போனார்கள். கல்லை யார் புரட்டுவார் என்பதுதான் வழியெல்லாம் அவர்களுக்குக் கவலை. உயிர்த்தெழுதலை எதிர்பார்த்து ஒருத்தியும் போகவில்லை. செத்த உடம்புக்குச் செய்யவேண்டிய கடைசி வேலையைச் செய்யப் போனார்கள். அவர்கள் கொண்டுபோன தைலம் அந்த உடம்பின் மேல் படவே இல்லை. அதைத் திரும்பக் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்று எந்தச் சுவிசேஷகனும் எழுதவில்லை. கல்லறைக் குப்பி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலிக் கல்லறை நினைவு வந்துவிடுகிறது.

அப்படியானால் கண்ணீரைச் சேர்த்து வைக்கச் சொல்கிற ஐம்பத்தாறாம் சங்கீதம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அது அப்படியே இருக்கிறது. சவுலுக்குத் தப்பியோடிய தாவீது காத் ஊரில் பெலிஸ்தர் கையில் அகப்பட்ட சமயத்துச் சங்கீதம் அது என்று தலைப்பு சொல்கிறது. தன் அலைச்சலையெல்லாம் தேவன் எண்ணி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் சேர்த்து வையும் என்று கேட்கிறான். கண்ணாடி ஊதத் தெரிவதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மனுஷன் அவன். அவனுக்குத் தெரிந்தது ஆட்டுத்தோல் துருத்தி. வனாந்தரத்தில் ஓடுகிறவன் தண்ணீரை அதில்தான் வைத்திருப்பான். அது கிழிந்தால் உயிர் போச்சு. கர்த்தர் தன் கண்ணீரை அந்த மாதிரிச் சிந்தாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. சேர்த்து வைக்கிற வேலை கர்த்தருடையது. அழுகிறவனிடம் குப்பி கிடையாது, அவன் அளந்து பிடிக்கவும் வேண்டாம். எவ்வளவு அழுதாய், எப்போது நிறுத்தினாய் என்ற கணக்கு உன்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை, மகளே. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அழ நேரமில்லாமல் ஓடினாயே, அதுவும் கர்த்தருடைய கணக்கில் இருக்கும் என்றே நம்புகிறேன்.

தோழி அனுப்பியதைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவள் அன்பு பொய்யில்லை. ஒலிவமலைச் சரிவில், இயேசு எருசலேமைப் பார்த்து அழுத இடம் என்று சொல்கிற இடத்தில், அன்டோனியோ பர்லூசி 1955இல் கட்டி முடித்த ஆலயம் ஒன்று இருக்கிறது. கூரையே ஒரு கண்ணீர்த்துளி வடிவம், நாலு மூலையிலும் கண்ணீர்க் குப்பி வைத்திருக்கிறார். சரித்திரமாகப் பார்த்தால் தவறு. ஆனால் அங்கே நின்றபோது வாதாட எனக்கு மனசு வரவில்லை. அந்த வளாகத்தில் தோண்டியபோது அந்தக் காலத்துக் கல்லறைகளும் சுண்ணாம்புக்கல் எலும்புப் பெட்டிகளும் கிடைத்தன. அடக்கம் பண்ணி ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, உடம்பு மண்ணானபின், வீட்டார் வந்து எலும்புகளைப் பொறுக்கி அந்தப் பெட்டியில் வைப்பார்கள். பெயரை ஆணியாலோ கரியாலோ கோணல்மாணலாகக் கீறியிருப்பார்கள். வருஷம் திரும்பிய பிறகும் தொட்டுத் தூக்கி வைக்கிற கை அது. துக்கத்துக்கு ஒரு வருஷம் அதிகம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ரோமாபுரியில் ஆதிச் சபையார் நிலத்தடியில் குடைந்த கல்லறைகளிலும் இதே குப்பிகள் உண்டு. சுவரில் தட்டுத் தட்டாக வெட்டி, உடம்பை வைத்து, ஓடோ பளிங்கோ வைத்து மூடிச் சுண்ணாம்பு பூசுவார்கள். பூச்சு காய்வதற்குள் ஏதாவது ஒன்றை அதில் அழுத்தி வைப்பார்கள்: காசு, சிப்பி, தங்கத்தகடு பதித்த கிண்ணத்தின் அடிப்பாகம், குழந்தை என்றால் ஒரு பொம்மை, சில இடத்தில் ஒரு தைலக் குப்பி. எத்தனையோ கல்லறைகளில் பெயரே கிடையாது. இருட்டில் விளக்கோடு வருகிற தாய்க்கு அந்தச் சிப்பிதான் அடையாளம். பிற்காலத்தில் இந்தக் குப்பிகளில் சிவப்பாக ஒட்டியிருந்ததை இரத்தசாட்சிகளின் இரத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1668இல் ரோமையே அதை அடையாளமாக ஏற்றது. மபியோன் என்ற பிரெஞ்சுத் துறவி 1698இல் அதைக் கேள்வி கேட்டு எழுதினார். பழக்கம் நிற்கவில்லை. நம் ஊர் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிலோமினா என்று எத்தனை பாட்டிமார்! அந்தப் பெயரே 1802இல் பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் இப்படி ஒரு குப்பியோடு கிடைத்த எலும்புகளிலிருந்து புறப்பட்டதுதான். 1961இல் புனித பிலோமினாவின் திருநாளைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரே குப்பியை ஒருவர் கண்ணீர் என்றார், ஒருவர் இரத்தம் என்றார். அதை வைத்தவளோ வீட்டில் இருந்ததில் நல்ல வாசனையைக் கொண்டுவந்தவள். அவளை மறந்துவிட்டோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி உன் இரண்டாவது விஷயம். விசுவாசி அழக்கூடாது என்று உன்னிடம் சொன்னவர் பவுலைப் பாதியில் நிறுத்திவிட்டார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையில்லாதவர்கள் துக்கிப்பதைப் போலத் துக்கிக்கக் கூடாது என்கிறார். துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அவன் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சாமான்களைப் பற்றி ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். கப்பதோக்கியா நாட்டுக் கிரெகோரி, பெரிய வேத பண்டிதர், தன் அக்கா மக்ரீனாவின் மரணத்தை எழுதி வைத்திருக்கிறார். 379ஆம் வருஷம் நடந்தது. பல வருஷம் கழித்து அக்காவைப் பார்க்க வருகிறார், அவளோ தரையில் ஒரு பலகைமேல் சாகக் கிடக்கிறாள். கிரெகோரியின் அண்ணன் பசிலியாரும் அப்போதுதான் இறந்திருக்கிறார். மறுநாள் அவளும் போய்விடுகிறாள். உடுத்தி அடக்கம் பண்ணத் துணி தேடினால், அவளுடைய சொத்து ஒரு மேலாடை, முக்காடு, தேய்ந்த செருப்பு, அவ்வளவுதான். கூட இருந்த வெத்தியானா கழுத்துக் கயிற்றை அவிழ்த்தபோது இரும்பில் ஒரு சிலுவையும் இரும்பு மோதிரம் ஒன்றும் கையில் வந்தன. இரண்டும் நெஞ்சுமேல் தொங்கிக்கொண்டிருந்தவை. கிரெகோரி சொன்னார்: சிலுவையை நீ வைத்துக்கொள், எனக்கு மோதிரம் போதும். அவர் கொண்டுவந்த நல்ல துணியை உடுத்திய பிறகு, அதன்மேல் போர்த்தியது அவர்களுடைய அம்மாவின் கறுப்பு மேலாடை. அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் அதை வைத்திருந்தார்கள்! உயிர்த்தெழுதலைப் பற்றிப் புத்தகமே எழுதிய மனுஷன் அவர். அவர் அழுதார், மோதிரத்தை வாங்கிக்கொண்டார், கல்லறை வரை சங்கீதம் பாடச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஒன்று இன்னொன்றுக்கு இடைஞ்சலாக இல்லை.

அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்து விதவைகளையும் பார். தொற்காள் செத்துக் கிடக்கிறாள், பேதுரு மேல்வீட்டுக்கு ஏறி வருகிறார். அந்தப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று அழுதுகொண்டே அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார்கள். பேதுரு அவர்களை அதட்டவில்லை. உன் அம்மா ஊர்ப்பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கெல்லாம் லேஸ் பின்னிப் பின்னிக் கொடுத்தவள். நீ அந்தப் பெட்டியைத் திறந்து அழுதால், வேதத்தில் உனக்கு முன்னால் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று சொல்வேன். பெட்டியைப் பூட்டி வைத்து நீ மட்டும் பார்க்காதே. லேஸ் துணி வைத்திருக்கிற வீடுகளில் போய்க் கேள், ஒவ்வொருத்தரும் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வார்கள். நல்ல சேலைகளை உடுத்து, இல்லாவிட்டால் உடுத்துகிறவர்களுக்குக் கொடு. அம்மாவின் மூக்குக்கண்ணாடியும் வேதாகமமும் உனக்கு. வேதாகமத்தின் ஓரங்களில் பென்சிலால் தேதி போட்டு எழுதியிருப்பாள், நிதானமாக வாசி. எனக்கு அக்காவின் குரோஷா ஊசி வேண்டும், பிடியில் நூல் சுற்றியிருக்குமே, அது. அவளிடம்தான் நான் முதல் கண்ணி போடக் கற்றுக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து உங்கள் வீட்டில் வந்து ஒரு வாரம் இருப்பேன். ஜெபத்துக்கு ஆள் கூப்பிட வேண்டாம், சமையலுக்கும் யாரையும் வைக்காதே. நீயும் நானும் போதும். உன் அப்பா இரவில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய், கஞ்சியாவது வைத்துக் கொடு, கூட உட்கார்ந்து நீயும் குடி.

இப்படிக்கு,
உன் சித்தி