முதல் வேலைக்குப் புறப்படுமுன்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் பங்கு இல்லத்திற்கு இருவகையினர் வருகின்றனர். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வரும் இளைஞர் ஒரு வகை. பிள்ளையை உடனே வேலைக்கு அனுப்பலாமா என்று வினவும் பெற்றோர் மற்றொரு வகை. அவர்களுக்கு நாம் நேரில் கூறி வருவதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் வயதை நோக்குக. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிரம்பாதோரைக் கூலிக்கு அமர்த்துதல் குற்றமாகும். 14 முதல் 18 வரையுள்ளோரைச் சுரங்கத்திலோ, வெடிபொருள் புழங்கும் இடத்திலோ, ஆபத்தான தொழில்களிலோ அமர்த்தலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தம் பதினாறு வயது மகளுடன் நம்மிடம் வந்தார். நூற்பாலையில் மூன்றாண்டு தங்கி உழைத்தால் இறுதியில் மொத்தத் தொகை கிடைக்கும், திருமணத்திற்கு உதவும் என்று தரகர் ஒருவர் கூறியிருந்தார். "மூத்தவள் கல்யாணக் கடனே இன்னும் தீரவில்லை, சாமி" என்றார் தந்தை. அப்பெண்ணும், "எனக்கும் சம்பாதிக்க ஆசைதான், சாமி" என்றாள். அவ்வாசையில் தவறில்லை. ஆனால் இத்தகைய திட்டங்களில் இடையில் நோயுற்றுத் திரும்பிய பெண்கள் பலர் வெறுங்கையுடன் வந்ததை நாம் அறிவோம். எனவே தரகரிடம் நான்கு கேள்விகள் கேட்கச் சொன்னோம்: நாளொன்றுக்கு எத்தனை மணி வேலை? மாதந்தோறும் ஊதியம் எவர் கைக்கு வரும்? விரும்பும்போது வீட்டிற்கு வரலாமா? இவற்றை எழுத்தில் தருவீரா? தரகர் மறுபடி அத்தெருவுக்கே வரவில்லை. அப்பெண் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். கடன் அன்றே தீர்ந்துவிடவில்லை; ஆயினும் கையில் ஒரு தொழில் வந்தது.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சிக் காலத்திலேயே மாத உதவித்தொகை உண்டு. திருச்சியிலுள்ள பெல் நிறுவனமும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் பழகுநரைச் சேர்க்கின்றன. இதற்குத் தரகர் எவரும் வேண்டா. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தோர் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதிருக்க.

அடுத்துச் சான்றிதழ்கள். திருமுழுக்கு ஏட்டில் சூசை, பள்ளிச் சான்றிதழில் ஜோசப், ஆதார் அட்டையில் வேறோர் எழுத்து என்றிருந்தால் வேலை வரும் நேரத்தில் இடர்ப்பாடு நேரும். இன்றே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்க. நகல்களையே கொடுக்க வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாமேயன்றி எவரிடமும் விட்டு வரலாகாது. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரை நம்பற்க.

விண்ணப்பம் ஒரு பக்கத்தில் அடங்கட்டும். எந்த வேலைக்கு, என்ன படிப்பு, என்னென்ன செய்யத் தெரியும் என்பவற்றைத் தெளிவாக எழுதுக. குடும்ப வறுமையைச் சொல்லி இரக்கம் கோருதல் வேண்டா. விடுமுறையில் மளிகைக் கடையில் கணக்கெழுதியதும், தையல் பழகியதும் தகுதிகளே. அவற்றைக் கூச்சமின்றிக் குறிப்பிடுக. தெரியாததைத் தெரியுமென எழுதற்க. நேர்காணலுக்குக் குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே செல்க. ஊதியத்தையும் வேலை நேரத்தையும் பணிவுடன் கேட்டறிக.

பெற்றோரே, முதல் மாதச் சம்பளம் வீட்டிற்கு வரும்போது அதில் ஒரு பகுதியைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் இடுங்கள். உழைத்தது தனக்கும் உரியது என்றறிந்த பிள்ளை குடும்பத்தை மனமுவந்து தாங்கும்.