கந்தக பூமியில் கூடைப்பந்து

சிவகாசி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அடுக்களை மேடையில் இருக்கும் தீப்பெட்டி, கூடத்துச் சுவரில் தொங்கும் காலண்டர், தீபாவளிக்கு முன்னதாகக் குழந்தைகள் மொட்டை மாடியில் காயப்போடும் பட்டாசு, இவைதானே? மூன்றும் அந்த ஊர்ச் சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தடவை நான் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் போனது நாலாவதாக ஒரு சாமானைத் தேடிக்கொண்டு. அது கூடைப்பந்து!

"ஊரெல்லாம் வெடி வாங்கப் போனால், நீங்கள் பந்து பார்க்கப் போகிறீர்களா?" என்று காரியாலயத்தில் கேலி செய்தார்கள். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2021-ம் வருஷம் பத்மஸ்ரீ விருது பெற்றவர்களில் அனிதா பால்துரை என்று ஒருவர் உண்டு. சென்னைப் பெண். கூடைப்பந்து ஆட்டக்காரர். பத்தொன்பதாவது வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியானவர். ஆசியச் சாம்பியன் போட்டிகளில் அடுத்தடுத்து ஒன்பது தடவை ஆடியவர். தேசியப் போட்டிகளில் மட்டும் முப்பது பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கிரிக்கெட் ஆட்டக்காரரின் மாமியார் பெயர்கூட நமக்குத் தெரிகிறது!

"சென்னைப் பெண்ணைப் பற்றி எழுத விருதுநகரில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். பட்டணத்தில் இருக்கிற பெண்ணுக்கு மைதானம் கிடைத்தது, வாத்தியார் கிடைத்தார், பிறகு உத்தியோகமும் கிடைத்தது. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் பேர்போன சீமையில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பாதை எட்டுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

ரயில் கொடுத்த சோறு

எழும்பூரில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் விருதுநகர். இந்தப் பிரயாணத்துக்கு ரயில்தான் பொருத்தம். ஏனென்றால் அனிதாவுக்குச் சோறு போட்டது இந்தத் தெற்கு ரயில்வேதான்.

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்கு ஒப்பந்தத்தில் மாறிப் போவார்கள். ஊர் ஊராகச் சுற்றுவார்கள். தேசம் விட்டுத் தேசமும் போவார்கள். நம் நாட்டிலோ பெண்களுக்கு வருஷம் முழுவதும் சம்பளம் கொடுத்துக் காப்பாற்றும் கழகங்கள் வேரூன்றவில்லை. இங்கே ஆட்டக்காரியின் 'ஒப்பந்தம்' என்பது ரயில்வே வேலைதான். பந்தும் ஆட வேண்டும், ஆபீஸ் வேலையும் பார்க்க வேண்டும். மாசம் பிறந்தால் சம்பளம் வரும். போட்டி வந்தால் லீவு கிடைக்கும். ஒரு பெண் பதினைந்து, பதினெட்டு வருஷம் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அவள் கைக்குப் பின்னால் இப்படி ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம்.

இதே தெற்கு ரயில்வேயில் இன்னொருவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயம் பக்கத்துப் பெண். உயரம் ஆறடி இரண்டு அங்குலம்! அவர் 2006-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்போர்னில் ரிங்வுட் ஹாக்ஸ் என்ற கழகத்துக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்காவுக்குப் போய் சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று ஊர்க் கழகங்களின் தேர்விலும் கலந்துகொண்டார். அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் திரும்பி வந்தபோது நிற்பதற்கு நிலம் இருந்தது. அந்த நிலம் இந்த ரயில்வே உத்தியோகம்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

விருதுநகர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1985-ம் வருஷம். அனிதாவும் கீதுவும் பிறந்ததும் அதே 1985-ல்தான்! ஜில்லாவுக்கும் அவர்களுக்கும் ஒரே வயசு.

இறங்கியதும் ஊரெல்லாம் எண்ணெயும் மிளகாய் வற்றலும் பருப்பும் கலந்த மண்டி வாசனை. காமராஜர் பிறந்து வளர்ந்த சின்ன வீட்டை இன்றும் நினைவில்லமாகப் பாதுகாக்கிறார்கள். அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலைக்கு ஒரு கதை உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்துக்காக வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்களாம். உலையில் போடும் முன் அந்தப் பிடியை எடுத்து வைத்த கை யாருடைய கை? நம்மைப் போன்ற பெண்களின் கைதானே! பெரிய தனவந்தர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஊர் படித்தது அடுக்களையிலிருந்துதான். பிற்பாடு அதே காமராஜர் முதன் மந்திரியாகிப் பள்ளிகளில் மதிய உணவு போட்டார்.

ஜில்லா விளையாட்டு மைதானத்துக்குப் போனேன். காலை வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது. அங்கே பந்து தட்டிக்கொண்டிருந்த சின்னப் பெண்களிடம், "இந்த ஆட்டத்துக்கு ஏன் கூடைப்பந்து என்று பெயர்? கூடையைக் காணோமே?" என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை.

உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். 1891-ம் வருஷம் டிசம்பர் மாசம் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஒரே பனி. வெளியே விளையாட முடியாமல் பையன்கள் ரகளை செய்தார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் பீச் பழம் போட்டு வைக்கும் இரண்டு கூடைகளைக் கட்டடத்துக்குள் உயரத்தில் அடித்து வைத்து, "இதில் பந்தைப் போடுங்கள்" என்றார். கூடைக்கு அடிப்பக்கம் இருந்தது. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்தார்களாம்! சில மாசங்களுக்கெல்லாம் பெண்களும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்திலும் இந்த ஆட்டம் பரவியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பங்கு உண்டு. பக் துரை என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த வாத்தியார்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் போனார்கள்.

நான் சொன்னதைக் கேட்டு ஒரு வாண்டு, "எங்க பாட்டி பனையோலைக் கொட்டான் முடைவாங்க. அதையே கட்டியிருக்கலாமே!" என்றாள். நெய்ஸ்மித் விருதுநகரில் பிறந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்!

கை வேலை

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. வழியெல்லாம் கரிசல் மண், கருவேல மரம், நடுவே தனித் தனியாக நிற்கும் சின்னச் சின்னக் கட்டடங்கள். ஒன்று வெடித்தால் மற்றொன்றுக்குப் பரவக்கூடாது என்பதற்காக இப்படி இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இவற்றை 'வெடி ஆபீஸ்' என்கிறார்கள். தீப்பெட்டி செய்யும் இடம் 'தீப்பெட்டி ஆபீஸ்'. ஆபீஸ் என்றதும் மின்விசிறியும் மேஜை நாற்காலியும் நினைத்துக்கொள்ளாதீர்கள்!

மழை குறைந்த பூமி, விவசாயம் பொய்த்தது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வருஷமே இங்கே தொழில் ஆரம்பமாயிற்று. பட்டாசும் அச்சுத் தொழிலும் பிற்பாடு வந்தன. வானத்தின் வறட்சியே இங்கே முதலாயிற்று. மருந்து காய வெயில் வேண்டுமல்லவா?

ஆனால் இந்தத் தொழிலின் பாரம் பெண்கள் கையிலும், ஒரு காலத்தில் குழந்தைகள் கையிலும் விழுந்தது. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, திரி வைப்பது எல்லாம் சின்ன விரல்களுக்குச் சுலபம் என்று சொன்னார்கள். 1996-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட் இதில் தலையிட்டது. அபாயத் தொழிலில் குழந்தையை வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இன்றும் அவ்வப்போது பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வருகிறது. நாம் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

இந்த ஊரில் பெண்கள் கல்லூரி ஒன்று 1968-லிருந்து நடக்கிறது. பெயரிலேயே ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் என்று பட்டாசுக் கம்பெனி இருக்கிறது! வெடி விற்ற பணத்தில் பெண்கள் பட்டம் வாங்குவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் நாலரை மணி

ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். பெயர் வேண்டாம். சிமெண்டுத் தளம்; இரண்டு வளையத்தில் ஒன்றுக்கு வலை இல்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். அதில் பிளஸ் டூ படிக்கிற ஒருத்தி, ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தாள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு மூன்று பேரைச் சுற்றி வந்து வளையத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே ஓடினாள். வளையத்தில் பந்து விழுந்த சத்தமே அவளுக்குப் போதும் போலிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் அனிதாவின் கதையைச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தப் பெண் மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, பந்து விளையாடுனதுக்காகவா அவங்களுக்கு ரயில்வேல வேலை குடுத்தாங்க?"

"ஆமாம், அதற்காகத்தான்."

"கல்யாணம் ஆனப்புறம்?"

பதினேழு வயதுப் பெண்ணின் கேள்வி இது. பதக்கம் எத்தனை என்று அவள் கேட்கவில்லை, பார்த்தீர்களா?

நல்லவேளை, என்னிடம் பதில் இருந்தது. அனிதா கல்யாணம் செய்துகொண்டார். ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனார். அதற்கப்புறம் மறுபடியும் இந்திய அணிக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியாவும் கஜகஸ்தானும் இறுதி ஆட்டத்தில் மோதின. 75-க்கு 73. இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்து முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில் முப்பத்திரண்டு வயது அனிதாவும் இருந்தார்.

"பிள்ளையை யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று பின்னால் ஒரு குரல். அந்தப் பெண்ணின் தாயார். வெடி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி நேரே மகளை அழைத்துப் போக வந்திருக்கிறார். திரி வைக்கிற வேலை. கையைக் கழுவியும் மருந்துத் தூளின் சாம்பல் நிறம் நகக் கண்களில் அப்படியே இருந்தது.

"வீட்டில் இருக்கிறவர்கள் கை கொடுக்காமல் அது நடந்திருக்குமா, அம்மா?" என்றேன்.

"அதான் கேட்டேன்" என்றார். "விளையாடட்டும்மா, நான் வேண்டாங்கல. வெளியூர் மேட்சுக்குப் போகணும்னா கூட யாரு போறது? நான் ஒரு நாள் நின்னா ஒரு நாள் கூலி போச்சு. ஆனா ஒண்ணு. என் கையில இருக்கிற மருந்து அவ கையில படக்கூடாது. படிப்புன்னாலும் சரி, பந்துன்னாலும் சரி."

எட்டுகிற தூரம்

பாதை இல்லாமலில்லை. தமிழக அரசு உத்தியோகங்களில் விளையாட்டுக்காரர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசாங்க விளையாட்டு விடுதிகளில் பெண்களுக்கும் இடம் உண்டு. ரயில்வே ஆள் எடுக்கிறது. இதே சீமையில் தெற்கே கோவில்பட்டியைப் பாருங்கள். அதுவும் தீப்பெட்டி ஊர்தான். ஆனால் ஹாக்கி என்றால் கோவில்பட்டி என்று பெயர் வாங்கிவிட்டது. அங்கே பிறந்த மாரீஸ்வரன் இந்திய அணிக்கே ஆடினார். தீப்பெட்டி ஊரில் பையன் மட்டை பிடிக்கலாம் என்றால், பெண் ஏன் பந்து பிடிக்கக்கூடாது?

ஆனால் அரசாங்கம் ஒதுக்குகிற இடத்துக்கும் அந்தச் சிமெண்டுத் தளத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை வீடுதான் கடக்க வேண்டும். பெண்ணை வெளியூருக்கு அனுப்பக் கூட ஓர் ஆள், தேயாத ஒரு ஜோடி ஷூ, தினம் ஒரு முட்டை, "வெயிலில் கறுத்துப் போவாள்" என்று சொல்கிற அத்தைக்கு ஒரு பதில், இவ்வளவுதான் வேண்டும். எல்லாம் அந்தக் காலத்துப் பிடி அரிசி மாதிரிதான், சகோதரிகளே. பட்டணத்தில் இருக்கிற நமக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண் சாயங்காலம் பந்தோடு கிளம்பினால், பத்தாவது வந்துவிட்டது என்று உடனே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வருஷம் பொறுத்துப் பாருங்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "அடுத்த மேட்ச் எப்போது?" என்று கேட்டேன். அடுத்த மாசம் விருதுநகரில் ஜில்லா அணிக்குத் தேர்வாம். தாயாரைப் பார்த்தேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமைதான் வருது. கூலி போகாது. நானே கூட்டிட்டுப் போறேன்."