பழகிய முகங்கள்

கோடை விடுமுறையில் கல்யாணில் வண்டி ஏறித் தென்னாட்டுக்குச் செல்லும் பிள்ளைகள், ஊர் நெருங்க நெருங்க நடைமேடைகளில் தமிழ் எழுத்துகளைத் தேடிப் படிப்பது வழக்கம். சிமெண்டு இருக்கையின் முதுகிலோ குடிநீர்த் தொட்டியின் நெற்றியிலோ 'அன்பளிப்பு: அரிமா சங்கம்' என்று எழுதியிருப்பதை நீங்களும் கண்டிருக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடுமுறை முடிந்து வந்ததும், "அரிமா என்றால் யார் ஐயா?" என்று கேட்டாள். யாரோ ஒரு வள்ளலின் பெயர் என்று அவள் எண்ணியிருந்தாள்.

அரிமா என்பது சிங்கம். 'லயன்ஸ் கிளப்' என்பதைத் தமிழாக்கியவர்கள் 'சிங்கச் சங்கம்' என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் நகைத்திருப்பர். அரிமா என்ற பழஞ்சொல்லை எடுத்து ஆண்டார்கள். நல்ல தேர்வு என்றே ஒரு தமிழாசிரியனாக நான் கருதுகிறேன். ரோட்டரி என்ற பெயரைச் சிலர் 'சுழற்சங்கம்' என்றனர். 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில், பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் கூடிப் பேசியதே அதன் தொடக்கம். உறுப்பினர்களின் பணியிடங்களில் கூட்டம் முறைமாற்றி நடந்தது. அவ்வாறு சுழன்றதால் அப்பெயர் வந்தது.

அந்தச் சங்கம் ஊருக்குச் செய்த முதல் தொண்டு யாது தெரியுமா? 1907-இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்க முன்நின்றது. வேறு ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். தாராவியில் உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் பொதுக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்ற என் மாணவர்கள் சிரிக்கவில்லை. "நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள்" என்றான் ஒருவன்.

அரிமா சங்கம் 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவாயிற்று. 1925-இல் அதன் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர், பார்வையற்றோர்க்காகப் பணியாற்றுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அன்றுமுதல் கண் மருத்துவம் அவர்களுடைய தனிப்பணி ஆயிற்று. இந்தியாவின் முதல் அரிமா சங்கம் 1956-இல் நம் மும்பையில்தான் தோன்றியது.

இத்தகைய சங்கங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. பதவியேற்பு விழாவில் மாலைகள் மிகுதி. பத்துக் குறிப்பேடுகளை வழங்குவதற்குப் பதினைந்து பேர் மேடையேறி நிற்பதையும், பதாகையின் அகலம் உதவியின் அளவை மிஞ்சுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். ஆயினும் அவற்றின் உண்மையான பயன் மேடையில் இல்லை. ஊரார் நன்கறிந்த ஒருவர், ஊரார்க்குத் தேவையான நாளில், அவர்கள் வாசலில் நிற்பதில் அது இருக்கிறது.

மதுரையின் கண் மருத்துவ முகாம்களை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சிற்றூர்களில் கண்புரையால் பார்வை இழந்த முதியோர் பலர். அறுவை செய்தால் பார்வை மீளும். ஆனால் மருத்துவமனை மதுரையில், முதியவரோ ஊரில். இடையிலுள்ள தொலைவை எவ்வாறு கடப்பது? அங்கேதான் உள்ளூர்ச் சங்கங்கள் தோள் கொடுத்தன. பள்ளிக்கூடத்தையோ திருமண மண்டபத்தையோ ஏற்பாடு செய்வது, ஊர் ஊராக அறிவிப்பது, வருவோர்க்குச் சோறு போடுவது ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. கண்ணைச் சோதிப்பதும், அறுவை வேண்டியோரைப் பேருந்தில் அழைத்துச் செல்வதும், மருத்துவம் முடித்து ஊர் சேர்ப்பதும் மருத்துவமனையின் பொறுப்பு. இரண்டில் எது கடினம் என்று கேட்டால் என்னால் உடனே விடை கூற இயலாது. கண்ணில் கத்தி வைக்க ஒரு பாட்டி ஒப்புக்கொள்வது எளிதன்று. அறிவிப்பைக் கொண்டுவருபவர் அவர் நாள்தோறும் அரிசி வாங்கும் கடைக்காரராக இருந்தால், பாட்டி பேருந்தில் ஏறுவார். அரிமா சங்கங்களின் உதவியோடு 1992-இல் மதுரையில் எழுந்த பயிற்சி நிறுவனம் இன்றும் லயன்ஸ் அரவிந்த் என்ற இணைப்பெயரையே தாங்கி நிற்கிறது.

பேரிடரில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடெங்கிலும் இருந்து சரக்குந்துகள் புறப்பட்டன. அவற்றில் வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன, உடுப்பாரில்லை. அனுப்பியோர் மனம் நல்ல மனமே. ஆனால் கடலில் படகையும் வலையையும் இழந்த மீனவர்க்கு என்ன வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. சில நாள்களிலேயே, அக்கடற்கரையில் பல ஆண்டுகளாக மீனவரிடையே பணியாற்றிவந்த சிநேகா போன்ற அமைப்புகள் மாவட்ட நிருவாகத்துடன் இணைந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எந்த ஊரில் எது குறைவு, எங்கே யார் செல்வது என்று அங்கே பதிவு செய்தனர். வந்து குவியும் நன்மைக்கு ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது. அந்தப் புத்தகத்தை எழுத, ஊரை முன்னரே அறிந்தவர்கள் தேவைப்பட்டனர்.

வெள்ளத்தையும் பேரலையையும் விடக் கொடிய பேரிடர் ஒன்று உண்டு. அது மனிதர் மூட்டுவது. நம் தாணே மாவட்டத்துப் பிவண்டியை நீங்கள் அறிவீர்கள். பகலிலும் இரவிலும் விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஊர். 1970 மே மாதத்திலும் 1984 மே மாதத்திலும் அங்கே இந்து முஸ்லிம் கலவரம் மூண்டு, பலர் உயிரிழந்தனர். 1988-இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்படே, கலவரத்தை அடக்குவது எப்படி என்பதைவிட, அது மூளாமல் இருப்பது எப்படி என்று சிந்தித்தார். தெருப்பகுதியைக் குறிக்கும் 'மொகல்லா' என்ற சொல்லால் அமைந்த மொகல்லாக் குழுக்களை உருவாக்கினார். ஒவ்வொரு பகுதியிலும் இரு சமயத்தாரும் ஒரே குழுவில் இருந்தனர். பெரிய தலைவர்களை அவர் தேடவில்லை. தெருவில் நடமாடும் எளிய மக்களே உறுப்பினர். அவர்களோடு அப்பகுதிக் காவலரும் அமர்ந்தார். கலவரம் இல்லாத நாள்களில், மாதந்தோறும், பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாதபோதும் கூடினார்கள். குழாயடிச் சச்சரவுக்கும் சாக்கடை அடைப்புக்கும் இத்தனை கூட்டமா என்று அன்று சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும்.

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் மும்பை எரிந்தது. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். பிவண்டி எரியவில்லை. அடுத்து எங்கே பற்றும் என்று எல்லாரும் அஞ்சி நோக்கிய ஊர் அமைதியாக இருந்தது. வதந்தி ஒன்று தெருவுக்குள் நுழைந்ததும், அது மெய்யா பொய்யா என்று எதிர்த் தெருவிலுள்ள மனிதரையே கேட்டறிய வழி இருந்தது. கேட்கும் பழக்கமும் இருந்தது.

தாராவிக்கு அத்தகைய முன்னேற்பாடு அன்று இல்லை. அங்கே வாழும் தமிழர்களுள் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த முஸ்லிம்களும், திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த இந்துக்களும், கிறித்தவர்களும் உண்டு. என் மாணவன் ஒருவனின் பாட்டி அந்தச் சனவரியில் தாராவியில் இருந்தவர். தம் சந்தின் பெண்கள் இரவு முழுவதும் முனையில் அமர்ந்திருந்ததாகவும், வெளியாள் யார் வந்தாலும் "இங்கே எல்லாரும் எங்கள் வீட்டார்" என்று தமிழிலும் அரைகுறை இந்தியிலும் கூறித் திருப்பி அனுப்பியதாகவும் அவர் என்னிடம் சொன்னார். எல்லாச் சந்துகளும் அப்படித் தப்பவில்லை. அதையும் அவரே சொன்னார்.

கலவரத்துக்குப் பின் 1994-இல், முன்னாள் காவல் அதிகாரி ஜூலியோ ரிபைரோ, சுஷோபா பார்வே, காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னி ஆகியோர் முயற்சியால் மும்பையிலும் மொகல்லாக் குழு இயக்கம் தொடங்கியது. இளைஞர்க்கும் காவலர்க்கும் இடையே அமைதிக்கான கிரிக்கெட் போட்டிகளை அது நடத்தியது. தாராவியில் பாவ் கோர்டே, வக்கார் கான் என்னும் இரு நண்பர்கள் அமைதிக் குழுவில் உழைத்தனர். ஒருவர் இந்து, மற்றவர் ஆயத்த ஆடைத் தொழில் செய்த முஸ்லிம். வக்கார் கான் ஒரு சுவரொட்டியை உருவாக்கினார். வெவ்வேறு சமயத்தாரின் உடை அணிந்த சிறுவர்கள் தேசியக் கொடியின் முன் நிற்பார்கள். 'நாம் அனைவரும் ஒன்று' என்று இந்தியில் எழுதியிருக்கும். அவ்விருவரின் நட்பைப் பற்றி 2003-இல் 'நாத்தா' என்ற ஆவணப்படமும் வெளிவந்தது. சுவரொட்டி ஒன்று கலவரத்தைத் தடுக்குமா என்று நீங்கள் கேட்கலாம். தாள் தடுக்காது. அதை ஒட்டுவதற்காக இருவர் ஒன்றாகத் தெருத் தெருவாக நடப்பதை ஊர் பார்த்ததே, அதற்கு மதிப்பு உண்டு.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடம். பெரும்பாலோர்க்குப் பொதுக் கழிப்பறையே கதி. விலகி இருங்கள் என்றால் எங்கே விலகுவது? மாநகராட்சி ஊழியர்களோடு, அப்பகுதியிலேயே சிறு மருத்துவ அறை வைத்திருந்த தனியார் மருத்துவர்கள் தொண்டர்களாக முன்வந்தனர். வெயிலில் உடல் முழுவதையும் மூடும் பாதுகாப்பு உடையணிந்து சந்துகளில் சென்று காய்ச்சல் பார்த்தனர். நோயை மறைக்க அஞ்சியவர்களும், பிள்ளைப் பருவம் முதல் தமக்கு மருந்து தந்த மருத்துவரிடம் மறைக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 10 அன்று உலகச் சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார்.

இனிப் போலியோவுக்கு வருகிறேன். இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பங்கு உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் தி. ஜேக்கப் ஜான், ஒரே நாளில் ஊர்க் குழந்தைகள் அனைவர்க்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை 1980-களின் தொடக்கத்தில் வேலூரில் செயற்படுத்தி, அதன் பயனை 1983-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1985-இல் ரோட்டரி இயக்கம் போலியோ ஒழிப்பை உலகப் பணியாக ஏற்றது. 1995 டிசம்பரில் இந்தியா முழுவதும் அந்த ஒருநாள் முறை தொடங்கியது. ஆயினும் 2009-இல்கூட நம் நாட்டில் 741 குழந்தைகளை நோய் தாக்கியது. உலகில் அவ்வாண்டின் மிகுந்த எண்ணிக்கை அதுவே. உத்தரப் பிரதேசத்தில், மருந்தைப் பற்றிய பொய்ச் செய்திகளை நம்பிக் கதவடைத்த வீடுகள் பல. ரோட்டரித் தொண்டர்கள் முஸ்லிம் சமய அறிஞர்களைக் கொண்ட குழுவை அமைத்து, அவர்களோடு அந்த வாசல்களுக்குச் சென்றனர். கதவுகள் திறந்தன. 2011 சனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்குக் கண்ட நோயே இந்தியாவின் இறுதிப் போலியோ ஆயிற்று. 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது.

நோய் பிற நாடுகளில் எஞ்சியிருப்பதால் சொட்டு மருந்து ஞாயிறு இன்றும் உண்டு. முகாமுக்கு வராத குழந்தைகளைத் தேடி அடுத்த நாள்களில் வீடு வீடாகச் செல்வர். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் 'பி' என்றும், விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் குறியிடுவர்.

அவ்வாறு ஒருமுறை, தாணேயில் கட்டடப் பணி நடக்கும் இடத்தருகே தகரக் கொட்டகைகளுக்குச் சென்ற குழுவில் எங்கள் பள்ளிச் சாரணியர் சிலரும் இருந்தனர். நான் உடன் சென்றேன். ஒரு கொட்டகையின் கதவில் ஏற்கெனவே 'எக்ஸ்' இருந்தது. மராத்தி பேசும் சுகாதாரப் பணியாளர் இருமுறை விளக்கியும், உள்ளிருந்த இளந்தாய் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு தலையசைத்து மறுத்தாள். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று பின்னர் அறிந்தோம். அரிமாவின் பொருள் கேட்ட அதே மாணவி முன்னே சென்றாள்.

"அக்கா, இது ஊசி இல்லை. ரெண்டே சொட்டுதான். என் தம்பிக்கும் இப்படித்தான் கொடுத்தாங்க."

அந்தத் தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எந்த ஊருப் பொண்ணு?" என்றாள்.

"அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். இப்போ வாக்ளே எஸ்டேட்ல இருக்கோம்."

குழந்தை வாய் திறந்தது. பணியாளர் சொட்டு மருந்தை விட்டு, அதன் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்தார். பின்னர் என் மாணவியிடமே சுண்ணக்கட்டியை நீட்டினார். அவள் 'எக்ஸ்' குறியை உள்ளங்கையால் அழித்துவிட்டு, தகரக் கதவில் 'பி' என்று எழுதினாள்.