மிளகா, பயறா? உடையார்பாளையத்தில் ஒரு கார் கணக்கு

திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ஜெயங்கொண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது உடையார்பாளையம். கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கிற அவசரத்தில் பலரும் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாவம், அவர்களுக்கு மிளகு பயறான கதை தெரியாது!

ஜமீன்தார்கள் ஆண்ட ஊர். இங்கே இருக்கும் சாமிக்குப் பெயர் பயறணீஸ்வரர். மிளகு மூட்டையோடு வந்த வியாபாரி ஒருவர், சுங்கத்துக்குப் பயந்து, "எல்லாம் பயறுதாங்க" என்று புளுகினாராம். அப்புறம் மூட்டையைப் பிரித்தால் நிஜமாகவே பயறு! அழுது புரண்டு வேண்டிக்கொண்ட பிறகு, சாமி மறுபடி மிளகாக்கிக் கொடுத்தார் என்பது தலத்துக் கதை.

கார் கடையில் இதே கதை தலைகீழாக நடக்கிறது.

அத்தை வீடு இந்த ஊரில்தான். அத்தை பையனுக்கு அரியலூரில் ஆபீஸ். மாருதி கிராண்ட் விட்டாரா வாங்குவதென்று முடிவு செய்துவிட்டான். பெட்ரோலா, ஹைபிரிடா என்பதில்தான் இழுபறி.

"மச்சான், பெட்ரோல் வண்டியையும் 'ஸ்மார்ட் ஹைபிரிட்'னுதானே சொல்றாங்க?"

"அது பயறு மாப்ள. மிளகுன்னு பேர் வெச்சிருக்காங்க" என்றேன். அதில் இருக்கும் குட்டி பேட்டரி, நின்ற இன்ஜினை எழுப்பும், ஏற்றத்தில் லேசாகக் கை கொடுக்கும். அவ்வளவே. பேட்டரியிலேயே வண்டியை நகர்த்துகிற சமாசாரம் 'ஸ்ட்ராங் ஹைபிரிட்'டில்தான்.

"கரண்டுல வேற சொருகணுமாப்பா?" என்றார் அத்தை, கவலையாக. வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தை மோட்டார் கரண்டாக்கிப் பேட்டரியில் போடும். மீதிக்கு இன்ஜின் இருக்கிறது.

பி.காம். படித்தவன் வாயில் விழுந்தால் கணக்கு வராமல் போகுமா? 2022-ல் இந்தக் கார் வந்தபோது ஜீட்டா ஆட்டோமேட்டிக் பெட்ரோல் 15.39 லட்சம், ஜீட்டா பிளஸ் ஹைபிரிட் 17.99 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம். 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 15 சதவீதம். அதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஆகிறது. (உத்தரப்பிரதேசத்தில் 2024-ல் ஹைபிரிடுக்குப் பதிவு வரியே வேண்டாம் என்றார்கள். அதற்காக லக்னோவுக்கா குடிபோக முடியும்?)

கம்பெனி சொன்ன மைலேஜ்: ஹைபிரிட் 27.97, பெட்ரோல் 20.58. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு மிச்சம் ஒண்ணே கால் ரூபாய் சொச்சம். போட்ட பணம் திரும்பிவர சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டவேண்டும். ஹைபிரிட் பேட்டரிக்கு வாரண்டியோ 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். மாப்பிள்ளை மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவன். பதின்மூன்று வருஷம்!

"ஆனா சத்தமே இல்லாம கிளம்புதே மச்சான்..." என்று இழுத்தான். வாஸ்தவம். டெஸ்ட் டிரைவில் நானும் சொக்கித்தான் போனேன். சென்னைக்காரர்களுக்குக் கணக்கே வேறு. கிண்டியில் முப்பதடிக்கு ஒரு பிரேக் பிடிப்பவருக்கு, அத்தனை பிரேக்கும் காசு. பெட்ரோல் வண்டி அங்கே கம்பெனி கணக்கை விட்டு ரொம்பவே இறங்கிவிடும். தினம் அறுபது, எழுபது கிலோமீட்டர் நெரிசலில் ஓட்டுகிற ஆசாமியானால் கண்ணை மூடிக்கொண்டு ஹைபிரிட் வாங்கலாம்.

இங்கே நிலைமை என்ன? இருபுறமும் முந்திரித் தோப்பு, நடுவே நீண்ட ரோடு. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி குறுக்கே வந்தால்தான் பிரேக். ஒரே வேகத்தில் போகிற வண்டியிடம் பிடுங்குவதற்கு மோட்டாருக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தது அத்தைதான். ஹைபிரிடின் பேட்டரி பின்பக்கம் உட்கார்ந்துகொள்வதால் டிக்கி 373 லிட்டரிலிருந்து 265 லிட்டராகிவிடும் என்று சொல்லிவைத்தேன்.

"முந்திரி மூட்டையை அப்புறம் எங்கப்பா வெக்கிறது?"

மாப்பிள்ளை பேசவில்லை. தங்கச்சி கல்யாணக் கடன் மூன்று லட்சம் பாக்கி இருப்பது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுநாளே பெட்ரோல் வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டான்.

ஆபீஸில் மட்டும் "ஸ்மார்ட் ஹைபிரிட் புக் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.