ஏற்றமும் இறக்கமும்

கண்டியிலிருந்து குருணாகலைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது எங்கள் கலகெதர. இங்கே சைக்கிள் ஓட்டுபவனுக்குச் சமதரை அரிய பொருள். ஒன்று ஏறவேண்டும்; அன்றேல் இறங்கவேண்டும்.

கல்லூரியிலே பௌதிகம் கற்பிக்கும் எனக்கு, ஞாயிறு காலைகளில் மகனுடன் மிளகுத் தோட்டங்களினூடே மலைச் சைக்கிளில் சுற்றிவருவது பேரின்பம். சென்ற ஆண்டு அவ்வின்பத்திற்கு ஓர் இடையூறு நேர்ந்தது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையொன்றில் இறங்குகையில் முன்சக்கரம் கல்லொன்றில் முட்ட, ஹாண்டிலுக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டேன். தோள்மூட்டுப் பிசகியது. "நாய் குறுக்கே ஓடியது" என்று மனைவியிடம் கூறினேன். எனக்குப் பின்னால் வந்த மகன் வாய் திறக்கவில்லை.

உண்மை யாதெனில், எந்த நாயும் வரவில்லை. ஏறும்போது கால் நன்கு நீளும்படி உயர்த்திய ஆசனத்தை இறங்குமுன் தாழ்த்தியிருக்கவேண்டும். வண்டியை நிறுத்திப் பிடியைத் தளர்த்தச் சோம்பல் இடந்தரவில்லை. சரிவிலே உடலைத் தாழ்த்திப் பின்னுக்குக் கொண்டுசெல்ல உயர்ந்த ஆசனம் தடையாகும். அப்போது வண்டி குப்புறக் கவிழ்தல் இயல்பே. புவியீர்ப்பு மையத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைபவன் நான்!

தோள் தேறியதும் மகன் வழி கூறினான். "ஓடும்போதே தாழ்த்தக்கூடிய ஆசனத் தண்டு இருக்கிறது, அப்பா." 'டிராப்பர்' என்பது அதன் பெயர். 1980களில் கலிபோர்னியாவிலே ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் ஆக்கிய 'ஹைட் ரைட்' என்னும் வில் இதற்கு முன்னோடி. இன்றோ ஹாண்டிலில் உள்ள நெம்பைப் பெருவிரலால் அழுத்தினாற் போதும். அமர்ந்தபடி அழுத்தினால் ஆசனம் தாழும்; எழுந்து அழுத்தினால் மேலெழும். 2022ஆம் ஆண்டு மிலான்–சன்ரேமோ வீதிப் பந்தயத்தில் சுலோவேனிய வீரர் மத்தேய் மொகோரிச் இத்தகைய தண்டுடனேயே பொஜ்ஜியோ இறக்கத்தில் முந்திச் சென்று வென்றார்.

வாங்க விரும்பும் அன்பர்கள் இரண்டு அளவுகளை மறவாதிருக்க. முதலாவது, ஆசனக் குழாயின் உள்விட்டம். 27.2, 30.9, 31.6 மில்லிமீற்றர் என்பன வழக்கிலுள்ளவை. கண்ணளவை நம்பி நான் 31.6 வாங்கிவந்தேன், என் வண்டியின் 30.9 குழாயில் அது நுழைய மறுத்தது. ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கி என் மேசையில்தான் கிடந்தது! இரண்டாவது, ஆசனம் தாழும் தூரம். அது மிகுந்திருத்தல் நன்றெனினும், கால் நீளமும் குழாயின் ஆழமும் அதற்கு எல்லை வகுக்கும். எனக்கு 125 மில்லிமீற்றர் பொருந்தியது. பயன்படுத்துகையில், சரிவு தொடங்குமுன்னரே தாழ்த்துதல் வேண்டும்; நடுச்சரிவில் நெம்பைத் தேடலாகாது. வீடு திரும்பியதும் தண்டிற் படிந்த சேற்றைத் துடைத்தல் நன்று.

நிற்க. சென்ற மாதம் மீண்டும் அதே பாதைக்குச் சென்றோம். உச்சியில் நெஞ்சு படபடத்தது. நெம்பை அழுத்தினேன்; ஆசனம் பணிந்தது. அந்தக் கல்லையும் கடந்தேன். பின்னால் வந்த மகன் வாய்விட்டுச் சிரித்தான்.

அன்று பகல் உணவின்போது மனைவியிடம், "அன்று நாய் வரவில்லை, பிழை என்னுடையது" என்றேன்.

"எனக்கு அன்றைக்கே தெரியும்," என்றாள் அவள், சோறு பரிமாறியபடி. "நீங்கள் நாயென்று சொன்னபோது பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லையே."

ஆசனத்தைத் தாழ்த்த ஒரு விரல் போதுமாயிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஓராண்டு சென்றது.