டேப்லெட்டுக்கு ஒரு தேக்குச் சட்டம்

காரைக்குடியில் புது வீடு கட்டிய நண்பர் விளக்கு, விசிறி, மோட்டார், ஏசி எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து இயக்குகிறார். 2013இல் தொடங்கப்பட்ட ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற இலவச மென்பொருள்தான் அதற்கு அடிப்படை. அது வேலை செய்யும் விதத்தை அவர் விளக்கியபோது பாதியிலேயே என் கவனம் போய்விட்டது. பழைய பத்து அங்குல டேப்லெட்டைக் கூடத்துச் சுவரில் மாட்ட ஆசாரியிடம் சட்டம் செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னதும் கூடவே கிளம்பினேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் விற்கிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலைபோகாத பர்மா தேக்குத் துண்டுகள்தான் ஆசாரிக்குச் சரக்கு. எங்களுக்காக உடைந்த ஜன்னல் சட்டம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

மேல்தோலை இழைத்ததும் உள்ளே தேன் நிறம். நாலு இழுப்பு இழைப்பார், நிறுத்துவார், உளியைக் கழற்றிச் சாணைக்கல்லில் தேய்ப்பார். எதற்கு இத்தனை தரம் என்றேன். “தேக்குக்குள்ள மணல் இருக்கு சார். இரும்பைத் தின்னுரும்” என்றார். உண்மைதான்; தேக்கில் சிலிக்கா உண்டு. அந்த இழைப்புளி அவருடைய அப்பாவினுடையது. கட்டையில் கைபிடிக்கும் இடம் குழிந்திருக்கிறது. “உளி மூணு மாத்தியாச்சு, கட்டை அதேதான்.” மூலையில் மின்சார இழைப்பு இயந்திரமும் இருக்கிறது. ஆணி ஒளிந்திருக்கும் பழைய மரத்தை அதில் விட அவருக்கு மனமில்லை.

நான்கு மூலையையும் 45 டிகிரியில் அறுத்து ஒட்டுவது எல்லாப் படச்சட்டத்துக்கும் உள்ளதுதான். எனக்குப் பிடித்தது அவர் கேட்ட கேள்வி: “இது சூடாகுமா?”

ஆகும். எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் கெடும், உப்பவும் செய்யும். நண்பர் 80 சதவீதத்தில் சார்ஜ் நின்று, 40இல் மறுபடி தொடங்கும்படி பிளக்கை அமைத்திருந்தார். ஆசாரிக்கு அது போதவில்லை. பின்பலகையே வேண்டாம் என்றார். மேலும் கீழும் காற்றுப் போக வழி விட்டு, டேப்லெட் உட்காரும் காடியையும் கொஞ்சம் தளர்வாகவே எடுத்தார். “உப்புனா கழட்டணும்ல? ஒட்டிப்புட்டா எப்படிக் கழட்டுவீங்க?”

மாட்டுவதற்கும் திருகு தெரியாத வழி. ஒரு பலகையை நீளவாக்கில் சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரில் ரசமட்டம் பார்த்து முடுக்கினார். மறு பாதி சட்டத்தின் முதுகில் தலைகீழாக. தூக்கி வைத்தால் ஒன்றில் ஒன்று உட்கார்ந்து, சட்டத்தின் எடையே இறுக்கிக்கொள்கிறது. 230 வோல்ட் பிளக்கை மரத்துக்குப் பின்னால் மறைக்க எலக்ட்ரீஷியன் ஒப்பவில்லை. அவர் சொன்னதுதான் சரி. சார்ஜர் கீழே சுவிட்ச் பெட்டியருகே நிற்க, 5 வோல்ட் ஒயர் மட்டும் மேலே ஏறியது.

ஆசாரிக்கு முக்கால்வாசி வேலை இன்டீரியர் கான்ட்ராக்டர்கள் வழியாக வருகிறது. மரம், அளவு, யோசனை எல்லாம் இவருடையவை. கிடைப்பது நாள் கூலி. பில்லில் ‘ஆன்டிக் தேக்கு’ என்று எழுதி மேலே எவ்வளவு வைக்கிறார்கள் என்பது இவருக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கு இவர் முகம் தெரியாது. வீட்டுக்காரரிடம் இவர் பேசக் கூடாது என்றே ஒருவர் நிபந்தனை போட்டாராம். உளி பிடிக்கத் தெரியாதவன், பிடிக்கத் தெரிந்தவனின் வாயைக் கட்டுகிறான்! கைவினைஞர்களுக்கு அரசு மானியக் கடன் தருகிறது, நல்லது. ஆனால் வேலை கொடுப்பவன் நடுவில் நிற்கிறவரை, கடனில் வாங்கிய இயந்திரமும் அவனுக்குத்தான் ஓடும்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று தேவைப்பட்டால் டேப்லெட்டையும் சார்ஜர் ஒயரையும் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போங்கள். பணத்தை ஆசாரி கையில் கொடுங்கள்.